அறிக்கை வாசித்த கதை

கல்லூரி ஆசிரியனாக இருப்பவனுக்குச் சம்பளமில்லாத உத்தியோகம் ஒன்றும் உண்டு. ஊரவர் கொண்டுவரும் ஆங்கிலக் காகிதங்களை வாசித்துப் பொருள் சொல்லுவதே அந்த உத்தியோகம். ஓய்வூதியப் பகுதியிலிருந்து வந்த கடிதம், வங்கி அனுப்பிய அறிவித்தல், கனடாவில் இருக்கும் பேரப்பிள்ளையின் பள்ளிக்கூட அறிக்கை, காணி வழக்குக் காகிதம் முதலிய யாவும் மாலை வேளைகளில் எம் வீட்டு விறாந்தைக்கு வந்து சேரும். இரசாயனம் கற்பிக்கும் ஒருவனுக்குக் காணிச் சட்டம் எவ்வாறு தெரியும் என்று எவரும் கேட்பதில்லை. நாமும் தெரியாது என்று சொல்லுவதில்லை. இந்தக் கடைசி வசனத்திலேதான் இக்கதையின் பழி முழுவதும் அடங்கியிருக்கிறது.

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் எம் அக்காவின் கணவருக்கு நோய் கண்டது. உரும்பிராய்ச் செம்மண்ணில் நாற்பது ஆண்டுகளாகத் தோட்டஞ் செய்தவர் அவர். ஒரு நாட் காலை பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றபோது வலக்கையிலிருந்த மண்வெட்டி தானாக நழுவிற்று. எடுத்தார், மீண்டும் நழுவிற்று. வீட்டுக்கு வந்து தேநீர் கேட்க வாயெடுத்தவருக்குத் தேநீர் என்ற சொல் அகப்படவில்லை. அன்று தொடங்கிய ஓட்டம் கொழும்பில் அறுவைச் சிகிச்சையில் முடிந்தது. மூளையின் இடப்புறத்தில் இருந்த கட்டியை இயன்றமட்டும் அகற்றினார்கள். கிளையோபிளாஸ்ரோமா என்பது அதன் பெயர். மூளையில் தோன்றும் கட்டிகளுள் மிகக் கொடியது அதுவே.

கதிர்ச் சிகிச்சையும் கொழும்புப் பக்கத்திலேயே நடந்தது. வாரத்துக்கு ஐந்து நாளாக ஆறு வாரம், முப்பது தடவை, மொத்தம் 60 கிறே. அதனோடு தெமோசொலோமைட் என்னும் மாத்திரை. உலகெங்கும் இந்நோய்க்கு வழங்கும் இம்முறையை 2005ஆம் ஆண்டில் ஸ்ரப் என்னும் வைத்தியரும் அவருடைய கூட்டத்தாரும் வெளியிட்டார்கள். கதிர் மாத்திரம் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 12.1 மாதமாகவும், மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 14.6 மாதமாகவும் இருந்ததென்று அவர்கள் கண்டனர். வித்தியாசம் இரண்டரை மாதம். இலக்கமாகப் பார்த்தால் அற்பம். ஒரு வீட்டுக்குள் இருந்து பார்த்தால் அவ்வாறு தோன்றாது. அக்கா வெள்ளவத்தையில் ஓர் உறவினர் வீட்டில் தங்கி ஆறு வாரமும் அவரை அழைத்துச் சென்று வந்தார். ஐப்பசி கழிவதற்குள் இருவரும் யாழ்தேவியில் ஊர் திரும்பினர். அத்தானின் தலைமயிர் ஒரு பக்கம் உதிர்ந்திருந்தது. நடையும் பேச்சும் திருந்தியிருந்தன.

கார்த்திகைக் கடைசியில், சிகிச்சை முடிந்து நாலு வாரமளவில், எம். ஆர். ஐ. படம் எடுக்கப்பட்டது. அறிக்கை வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. நிபுணரைப் பார்க்கும் கிளினிக் நாள் அடுத்த வியாழன். இடையில் ஆறு நாள்.

விறாந்தையில் வைத்தே உறையைப் பிரித்தோம். இரண்டு பக்கம். 'என்ஹான்ஸ்மென்ற்' என்ற ஆங்கிலச் சொல் நான்கு இடங்களில் வந்தது. அது முந்திய படத்திலும் பார்க்கக் கூடியிருப்பதாக எழுதப்பட்டிருந்தது. சென்ரிமீற்றர்க் கணக்கும் தரப்பட்டிருந்தது. அகராதி எடுக்க வேண்டும் என்று எமக்குத் தோன்றவில்லை. அக்கா கப்போடு சாய்ந்து நின்றார்.

"தம்பி, என்ன எழுதிக் கிடக்கு?"

"திரும்ப வளர்ந்திருக்குது போல கிடக்கு, அக்கா."

அத்தான் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் ஆட்டுக்குக் குழை போட்டார்.

அந்த ஆறு நாட்களில் நடந்தவற்றை விரித்துச் சொல்ல விருப்பமில்லை. ஆயினும் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். ரொறன்ரோவில் இருக்கும் மகன் கடன் வாங்கி விமானச் சீட்டு எடுத்தான். அக்கா சமைப்பதை நிறுத்தினார். அத்தான் தாமாகவே அயலவர் ஒருவரை அழைத்து, வெங்காய நடுகைக்கென்று உழுது பசளையிட்டு வைத்திருந்த ஆறு பரப்புக் காணியையும் ஒரு போகத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தார். வீட்டு வளையிலே பிடிபிடியாகக் கட்டித் தொங்கவிட்டிருந்த விதை வெங்காயத்தையும் அவருக்கே விற்றார். "நான் இல்லாத இடத்தில கொக்கா என்ன செய்வா?" என்று எம்மிடம் காரணமும் சொன்னார். நாம் தலையாட்டினோம். படித்தவன் வாயிலிருந்து வந்த சொல்லை நம்பி அவர் தம் காரியங்களை ஒழுங்குபடுத்தினார். அதில் அவர்மேல் குற்றம் என்ன?

வியாழக்கிழமை தெல்லிப்பழைக்குப் போனோம். 2011ஆம் ஆண்டில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை, இத்தீவின் தென்கோடியிலிருந்து வடகோடிக்கு, பலர் கால்நடையாக நடந்து சேர்த்த நிதியைக்கொண்டு எழுப்பப்பட்ட புற்றுநோய் வைத்தியசாலை அங்கேதான் இருக்கிறது. அதற்கு முன் குடாநாட்டு நோயாளிகள் பலருக்கு மகரகமையே கதியாக இருந்தது. இன்று பரிசோதனைக்கும் மருந்துக்கும் தெல்லிப்பழைக்குப் பேருந்தில் போய்ப் பகலுணவுக்கு வீடு திரும்பலாம்.

அங்கே எம்மைப் பார்த்த வைத்திய நிபுணர் ஓர் இளம் பெண்மணி. அறிக்கையை முதலில் தொடவில்லை. அத்தானை நடக்கச் சொன்னார். இரு கையையும் நீட்டச் சொன்னார். மேசையிலிருந்த பொருள்களுக்குப் பெயர் சொல்லச் சொன்னார். மூளை வீக்கத்துக்குக் கொடுத்துவந்த தெக்சாமெதசோன் மாத்திரையின் அளவைக் கேட்டார். தலையிடி கூடியதா என்று கேட்டார். இல்லை என்றோம். அதன் பின்பே படத்தைப் பார்த்தார்.

அக்கா அழத் தொடங்கினார். "தம்பி வாசிச்சுச் சொன்னவர், டொக்டர். வளர்ந்திட்டுதாம்."

நிபுணர் எம்மைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. "மாஸ்ரர், இந்தச் சொல்லுக்கு வளர்ச்சி என்று பொருள் இல்லை," என்றார்.

எம் வாழ்வில் பல பரீட்சைகள் எழுதியிருக்கிறோம். அன்று போல் ஒரு நாளும் தோற்றதில்லை.

அவர் சொன்னதையும், பின்னர் நாம் தேடிக் கற்றதையும் சேர்த்து இங்கே தருகிறோம். எம்போல ஊருக்கு அறிக்கை வாசிப்பவர்கள் பலர் இருக்கக்கூடும்.

எம். ஆர். ஐ. படம் எடுக்கும்போது கையிலுள்ள நாளத்தில் கடோலினியம் கலந்த மருந்தை ஏற்றுவார்கள். கடோலினியம் மூலக அட்டவணையில் 64ஆம் இடத்தில் உள்ள உலோகம். அதன் அயனில் இணைசேராத இலத்திரன்கள் ஏழு இருப்பதால் அது வலிய காந்தத் தன்மை உடையது. தனியே விட்டால் நஞ்சு. ஆகையால் வேறொரு மூலக்கூறுக்குள் சிறைவைத்தே உடலிற் செலுத்துவர். சிறுநீரகம் அதை வெளியேற்ற வேண்டும் என்பதனால், முன்கூட்டியே இரத்தத்தில் கிரியற்றினின் சோதிப்பார்கள். மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் இந்த அட்டவணையை ஒப்புவித்தும், 64ஆம் மூலகம் ஒரு நாள் எம் வீட்டுக்குள் வரும் என்று நாம் நினைத்ததில்லை.

மூளைக்கு ஒரு விசேஷ காவல் உண்டு. அதன் நுண்குழாய்களின் சுவர் மிக நெருக்கமாக இழைக்கப்பட்டிருப்பதால், இரத்தத்தில் வரும் பொருள்களிற் பல வெளியே கசிந்து மூளைத் திசுவை அடைய முடியாது. கடோலினிய மருந்தும் அவ்வாறே குழாய்க்குள் வந்து குழாய்க்குள்ளேயே போய்விடும். ஆனால் எங்கே அந்தச் சுவர் பழுதுபட்டிருக்கிறதோ அங்கே மருந்து கசியும்; கசிந்த இடம் படத்தில் வெண்மையாக ஒளிரும். இந்த ஒளிர்வையே 'என்ஹான்ஸ்மென்ற்' என்று அறிக்கை எழுதுகிறவர்கள் குறிக்கிறார்கள். ஒளிர்வு கூடியது என்றால் கசிவு கூடியது என்றே பொருள். ஏன் கசிகிறது என்பதை அது சொல்லாது.

கட்டி மீண்டும் வளர்ந்தாலும் கசியும். கட்டியின் புதுக் குழாய்கள் கோணலும் ஓட்டையுமாக அமைவதே அதற்குக் காரணம். கதிரும் மருந்தும் சேர்ந்து கட்டியைச் சிதைக்கும்போதும் கசியும். கதிர் பட்ட குழாய்கள் புண்பட்டு, அவ்விடம் அழன்று வீங்குவதே அதற்குக் காரணம். முதலாவது கெட்ட செய்தி. இரண்டாவது சிகிச்சை தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அறிகுறியாகவும் இருக்கலாம். படத்தில் இரண்டும் ஒரே வெள்ளை. இந்த இரண்டாவதைப் போலி வளர்ச்சி என்று வைத்தியர்கள் அழைக்கிறார்கள். சிகிச்சை முடிந்து மூன்று மாதத்துக்குள்ளேயே இது பெரும்பாலும் தோன்றும். அண்ணளவாகப் பத்துப் பேரில் இருவர் மூவருக்கு நேரும். மாதங்கள் கடந்தோ ஆண்டுகள் கடந்தோ தோன்றும் கதிர்ப்புண் இன்னொரு வகை. எம். ஜி. எம். ரி. என்னும் மரபணு அடங்கிக் கிடக்கும் கட்டிகளில் போலி வளர்ச்சி கூடுதலாகக் காணப்படுகிறது என்று 2008இல் இத்தாலிய வைத்தியர்கள் அறிவித்தனர். மாத்திரை நன்றாக வேலைசெய்வதும் அத்தகைய கட்டிகளிலேதான்! படம் பார்த்துப் பயந்து மருந்தை நிறுத்தினால் யாருக்கு அது மிகவும் பயன்படுமோ அவரிடமிருந்தே அதைப் பறித்ததாகும். இதன் நிமித்தமே 2010இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி ஒரு விதி செய்தார்கள். கதிர்ச் சிகிச்சை முடிந்து பன்னிரண்டு வாரத்துக்குள், கதிர் பட்ட எல்லைக்குள்ளே வெண்மை பெருத்தால், திசுவைச் சோதித்து நிச்சயிக்காமல் அதை நோயின் வளர்ச்சி என்று கொள்ளலாகாது என்பது அவ்விதி.

நாம் விறாந்தையில் ஒரு நிமிடத்தில் நிச்சயித்தது, அவர்கள் பன்னிரண்டு வாரம் நிச்சயிக்கக்கூடாது என்று விலக்கிய ஒன்று.

நிபுணர் இவற்றைச் சுருக்கமாகச் சொல்லி முடித்ததும் அத்தான் வாய் திறந்தார். நோய்க்குப் பின் அவர் சொற்களைத் தடவித் தடவித்தான் எடுப்பார்.

"அப்ப, டொக்டர்... வாய்க்கால் உடைஞ்சாலும் நிலம் ஈரம்தான். பயிருக்குத் தண்ணி போனாலும் ஈரம்தான். ஈரத்தைப் பாத்து ஒண்டும் சொல்லேலாது. வாய்க்காலில எவ்வளவு ஓடுது எண்டெல்லோ பாக்கவேணும்?"

"அதைத்தான் பாக்கப் போறம், ஐயா," என்றார் அவர்.

அவர் எழுதித் தந்தது இரத்தவோட்டப் படம். பெர்ஃபியூஷன் என்பது ஆங்கில வழக்கு. அதைக் கொழும்பிலே எடுப்பித்தோம். குழாய்போன்ற அதே இயந்திரம், அதே தட்டு, அதே இரைச்சல். வேறுபாடு மருந்து ஏற்றும் விதத்திலும் படம் பிடிக்கும் வேகத்திலுமே உள்ளது. மருந்தை ஒரு விசைப்பம்பினால் சில வினாடிகளுக்குள் ஒரே வீச்சாகச் செலுத்துகிறார்கள். பின்னாலேயே உப்பு நீரும் தள்ளப்படுகிறது. அந்த மருந்துத் திரள் இருதயம் வழியாக ஏறி மூளைக்குள் நுழைந்து கடந்து போகும் ஒரு நிமிடம் இரண்டு நிமிடத்துக்குள், மூளை முழுவதையும் ஏறக்குறைய ஒன்றிரண்டு வினாடிக்கு ஒரு தடவை திரும்பத் திரும்பப் படம் பிடிக்கிறார்கள். கசிந்து தேங்கியதை வெண்மையாகக் காட்டிய அதே கடோலினியம், இம்முறையில் குழாய்க்குள் ஓடும்போது கருமையை உண்டாக்குகிறது. மருந்துத் திரள் வரும்போது ஒவ்வோர் இடமும் கறுத்து, அது போனபின் மீண்டும் வெளிறும். எவ்வளவு ஆழமாகக் கறுத்தது, எவ்வளவு நேரம் கறுத்தது என்பதிலிருந்து அவ்விடத்தில் எவ்வளவு இரத்தம் நிறைந்திருக்கிறது என்று கணக்கிடலாம். பிறகு, நோயில்லாத எதிர்ப்புறத்து வெண்திசுவை ஒன்று என்று வைத்து, நோயுள்ள இடம் அதன் எத்தனை மடங்கு என்று பார்க்கிறார்கள்.

இதன் நியாயம் இதுதான். 1971இல் அமெரிக்க அறுவை வைத்தியர் ஜூடா ஃபோக்மன் ஒரு கருத்தை வெளியிட்டார். ஒரு கட்டி தனக்கெனப் புதுக் குழாய்களை வருவித்துக்கொள்ளாவிட்டால் ஓரிரு மில்லிமீற்றருக்கு மேல் வளர முடியாது என்பது அக்கருத்து. அன்று பலர் அதை ஏற்கவில்லை. இன்று பாடநூலில் உள்ளது. ஆகவே உயிரோடு வளரும் கட்டியில் இரத்தம் மிகுந்திருக்கும். சிதைந்துபோன இடத்திலோ ஈரம் மாத்திரம் இருக்கும், ஓட்டம் இராது.

இரத்தவோட்டத்தைக் கொண்டு மூளையை அறிய முயன்ற வரலாறு மிகப் பழையது. அதில் ஒரு கதை எம் மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், வால்ற்றர் கே. என்று வைத்திய நூல்கள் குறிக்கும் ஓர் இளைஞன் தலையிடியோடும் மங்கிய பார்வையோடும் வந்தான். ஹார்வி குஷிங் என்னும் புகழ்பெற்ற அறுவை வைத்தியர் அவனுடைய மண்டையின் பின்புறத்தைத் திறந்தபோது, அகற்ற முடியாத பெரிய இரத்தக்குழாய்ச் சிக்கல் ஒன்றைக் கண்டார். அகற்றாமலே மூடினார், எலும்பில் ஓர் இடைவெளி எஞ்சியது. அவ்விடத்தில் காதைவைத்தால் இரத்தம் இரையும் ஓசை கேட்கும். அவன் கண்ணை மூடி இருட்டில் இருந்தால் ஓசை தணியும்; பத்திரிகை வாசிக்கத் தொடங்கினால் பலக்கும்! பார்வைக்குரிய பகுதி மூளையின் பின்புறத்தில் உள்ளது. வேலை செய்யும் பகுதிக்கு இரத்தம் கூடுதலாக ஓடுகிறது. ஜோன் ஃபுல்ற்றன் இதனை 1928இல் எழுதி வெளியிட்டார். அதற்கு அறுபத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 1991இல், அதே பொஸ்ரன் நகரத்தில் பெலிவோ என்பவரும் அவர் கூட்டாளிகளும், ஒளியைப் பார்க்கும் மனிதரின் மூளைப் பின்புறத்தில் இரத்தம் பெருகுவதை, கடோலினிய மருந்தையும் எம். ஆர். ஐ. இயந்திரத்தையும் கொண்டு படமாகவே காட்டினார்கள். காதால் கேட்டது கண்ணுக்குத் தெரிந்தது. அத்தானுக்கு எடுத்த படத்தின் முறை இதன் நெருங்கிய உறவு.

மூளைக்கு நிமிடமொன்றுக்குப் பாயும் இரத்தம் ஏறக்குறைய 700 மில்லிலீற்றருக்குச் சற்று மேல். நம்மூர்க் கணக்கில் ஒரு போத்தல். உடல் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள உறுப்பு, இருதயம் தள்ளும் இரத்தத்தில் ஏழில் ஒரு பங்கு அளவைத் தானே எடுத்துக்கொள்ளுகிறது. எமக்கு இது வியப்பாக இருந்தது. அத்தானுக்கு இருக்கவில்லை. கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் கொஞ்சம், கிணற்றடிப் பாத்திக்கு அதிகம் என்று நாற்பது ஆண்டு பழகியவர் அல்லவா?

படம் வந்தது. நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வர்ணம் தீட்டிய மூளை. முந்திய படத்தில் வெள்ளையாக ஒளிர்ந்த இடம் இதில் பெரும்பாலும் நீலம். எதிர்ப்புறத்திலும் பார்க்க இரத்தம் குறைவு. ஓர் ஓரத்தில் மாத்திரம் சிறு மஞ்சள் கீற்று. இந்தத் தடவை நாம் அறிக்கையை வாசிக்கவில்லை. தெல்லிப்பழைக்குக் கொண்டுபோனோம். "பெரும்பாலும் போலி வளர்ச்சி. மாத்திரையைத் தொடருவம். எட்டு வாரத்தில திரும்பப் பாப்பம். அந்த ஓரத்தைக் கவனிக்கவேணும்," என்றார் நிபுணர். பெரும்பாலும் என்ற சொல்லை அவர் விட்டுவிடவில்லை என்பதை இந்த முறை கவனித்தோம்.

ஏனெனில் இந்தப் படமும் தெய்வவாக்கு அன்று. சிதைந்த திசுவும் உயிருள்ள கட்டியும் ஒரே இடத்தில் கலந்து கிடக்கலாம். அப்போது கணக்கு நடுவில் நிற்கும். கசிவு மிகுந்த இடத்தில் மருந்து குழாய்க்கு வெளியே போய்விடுவதால் கணக்குப் பிழைக்கும். அதைத் தவிர்க்க முன்கூட்டியே சிறிதளவு மருந்து ஏற்றி வைப்பதும், பிறகு கணக்கிலே திருத்தம் செய்வதும் உண்டு. அறுவையில் எஞ்சிய பழைய இரத்தமும், காற்றறைகளுக்கு அருகிலுள்ள எலும்பும் படத்தை உருக்குலைக்கும். எத்தனை மடங்குக்கு மேல் இருந்தால் கட்டி என்று சொல்லலாம் என்பதிலும் எல்லா வைத்தியசாலைகளுக்கும் பொதுவான ஓர் எண் கிடையாது. இயந்திரத்துக்கு இயந்திரம், கணக்கிடும் முறைக்கு முறை அது மாறும். மறுபுறத்தில், பெவசிசுமாப் என்னும் மருந்தை ஏற்றினால் கசிவு சட்டென்று அடங்கி வெண்மை குறையும்; கட்டியோ அப்படியே இருக்கக்கூடும். போலி வளர்ச்சி இருப்பதுபோலப் போலிச் சுகமும் இருக்கிறது. மண்டையைத் திறந்து திசுவை எடுத்துச் சோதிப்பதே உறுதியான வழி. அதை யாருக்கு எத்தனை தரம் செய்வது?

மருந்து ஏற்றாமலே இரத்தவோட்டத்தைப் பார்க்கும் முறையும் ஒன்று உண்டு. கழுத்து நாடியில் ஏறும் இரத்தத்திலுள்ள நீரையே வானொலி அலையால் குறிவைத்து, அந்தக் குறி மூளையில் எங்கே எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளப்பார்கள். 1992இல் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட முறை இது. சிறுநீரக நோயாளிகளுக்கு ஏற்றது. ஆனால் அதன் சைகை மெலிந்தது. அயல்நாடான இந்தியாவில், பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ், திருவனந்தபுரத்துச் சித்திரைத் திருநாள் நிலையம் போன்ற இடங்களில் மூளைக் கட்டிகளுக்கு இவ்வகைப் படங்கள் எடுக்கப்படுகின்றன. குடாநாட்டிலிருந்து சிகிச்சைக்காக இந்தியா செல்லுகிறவர்களும் உண்டு. எல்லாருக்கும் அது இயலுவதில்லை.

எம் பிழை சொல்லைப் பற்றியது. ஆகையால் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இதே யாழ்ப்பாணத்துக்கு 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்து, மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த சாமுவேல் கிறீன் ஐயர், மேல்நாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்குவித்தார். பின்னாளில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். அங்காதிபாதம், இரண வைத்தியம் என்று தலைப்பிட்ட அந்நூல்களைப் பழைய நூலகங்களில் கண்டவர்கள், ஒவ்வோர் உறுப்புக்கும் நோய்க்கும் சொல் தேடி அவர் பட்ட பாட்டை உணர்வார்கள். அந்த ஊரிலிருந்து சில மைல் தொலைவில் இருந்துகொண்டு, கசிவு என்று சொல்லவேண்டிய இடத்தில் வளர்ச்சி என்று சொன்னோம். இரண்டும் மூன்றெழுத்து ஐந்தெழுத்துச் சொற்கள்தாம்.

மாசியில் எடுத்த படத்தில் வெண்மை கொஞ்சம் சுருங்கியிருந்தது. மஞ்சள் கீற்று அப்படியே இருந்தது, கூடவில்லை. ரொறன்ரோ மகன் வந்து மூன்று வாரம் தங்கித் தகப்பனோடு நல்லூருக்கும் கீரிமலைக்கும் போய்த் திரும்பிவிட்டான். சீட்டுக்கு வாங்கிய கடனை இன்னும் கட்டுகிறான். அது வீண் செலவு என்று அக்கா ஒரு நாளும் சொன்னதில்லை.

காணி விஷயம் அப்படியன்று. கொடுத்த குத்தகையைத் திருப்பிக் கேட்பது முறையன்று என்று அத்தான் சொல்லிவிட்டார். மார்கழியில் அந்த ஆறு பரப்பிலும் அயலவர் வெங்காயம் நட்டார். அத்தானுடைய உழவு, அத்தானுடைய பசளை, அத்தானுடைய விதை. அந்தப் போகம் முழுவதும் ஒவ்வொரு நாட் காலையும் அவர் வேலியோரம் போய் நின்று, பொழுது ஏறும் வரை பார்த்துக்கொண்டிருப்பார். நாம் பள்ளிக்கூடம் போகும் வழி அதுதான். சைக்கிளை நிறுத்தாமல் போகப் பழகிக்கொண்டோம். ஒரு நாள் அவரே கூப்பிட்டார்.

"தம்பி, அந்த மூலைப் பாத்தியைப் பார். தாள் மஞ்சளடிக்குது. வருத்தம் எண்டு நினைச்சு மருந்தடிக்கப் போறார். அது தண்ணி கூடினது. சொன்னனான், கேக்கிறாரில்லை."

"நான் வேணுமெண்டால் சொல்லட்டோ, அத்தான்?"

"வேண்டாம். நீ சொல்லாதை," என்றார், பிறகு சிரித்தார். அவர் எம்மைப் பார்த்து அந்த விஷயமாக வாய்விட்டுச் சொன்னது அவ்வளவே.

பங்குனியில் கிண்டியபோது அயலவர் ஒரு சாக்கு வெங்காயம் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார். அத்தான் அதில் நல்லவற்றைத் தெரிந்து, இடக்கையால் பிடியாக்கி, வலக்கையால் மெல்ல மெல்லக் கட்டி, வளையிலே தொங்கவிட்டார். அரை நாள் வேலைக்கு நாலு நாள் எடுத்தது.

இப்போது மறுபடியும் கார்த்திகை. நோய் கண்டு பதினைந்து மாதம். நோய் முற்றாக நீங்கியது என்று எவரும் சொல்லவில்லை. அந்நோயைப் பற்றி அப்படிச் சொல்லும் வழக்கமும் இல்லை. காணி திரும்பிவிட்டது. கூலிக்கு ஆள் வைத்து உழுதாயிற்று. மழை விட்டதும் நடவேண்டும் என்று அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சென்ற திங்கட்கிழமை மீண்டும் படம் எடுக்கப்பட்டது. அறிக்கை நேற்று வந்தது. எம் மேசையிலேதான் இருக்கிறது. அக்கா இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. கிளினிக் வியாழக்கிழமை.